வெளியிலிருந்து பார்த்த அளவில்

காலை பத்தரை மணிக்கு என் ஜன்னலுக்கு நகப்பூச்சின் வாசனை ஏறி வருகிறது. ஆழ்வார்பேட்டையில் நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே, சென்ற வருஷம் வரை தையற்கடையாக இருந்த அறையில், இப்போது ஒரு அழகு நிலையம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து விரல்களை விரித்து, பூசியது காயும்வரை ஊதிக்கொண்டிருக்கிறார்கள். பாவம், அவர்கள் என்ன செய்தார்கள்? ஆனால் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம் வருகிறது. முதல் சில நாள் ஏன் என்று புரியவில்லை. பிறகு ஒரு நாள், அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றபோது, விரல் நுனிகளுக்கு முதலில் ஞாபகம் வந்தது. ஸ்டென்சில் தாளில் பிழை திருத்த ஒரு சிறு குப்பி வைத்திருப்போம். மூடியோடு ஒட்டிய தூரிகை, சிவப்புத் திரவம், இதே வாசனை. மெழுகு பூசிய தாளில் தட்டச்சுப் பொறியின் எழுத்து விழுந்த இடமெல்லாம் வெட்டுப்படும்; அதை உருளையில் மாட்டி மசி ஊற்றிச் சுற்றினால் நூறு பிரதி வரும். தப்பாக வெட்டிய இடத்தில் சிவப்பைப் பூச வேண்டும், ஊத வேண்டும், காய்ந்ததும் அதன்மேல் சரியானதை அடிக்க வேண்டும். இருபத்திரண்டு வயதில் நான் அப்படிப் பூசி அடைத்தவற்றில் எழுத்துப் பிழைகள் கொஞ்சம்தான்.

எழுபதுகளின் தொடக்கம். தியாகராய நகரில் ஒரு மாடிக் கட்டடம். நகர மன்றக் குழு ஒன்றுக்கு நான் சுருக்கெழுத்தர், தற்காலிகம். ஆண்டுதோறும் அதே குழு சம்மதித்தால்தான் எனக்கு அடுத்த ஆண்டு உண்டு. வீட்டில் என் சம்பளத்தை நம்பி அம்மாவும் இரண்டு தங்கைகளும். குழுவின் வேலை இதுதான்: வரவு செலவுத் திட்டம் மன்றத்துக்குப் போவதற்கு முன்னால், போன வருஷம் ஒதுக்கியதைக் கொண்டு என்ன நடந்திருக்கிறது என்று நேரில் போய்ப் பார்ப்பது. பள்ளிக்கூடம், மருந்தகம், பூங்கா, பொதுக் கழிப்பறை. பார்த்ததை எழுதுவது, எழுதியதை வைத்து அடுத்த வருஷத்துக்கு முடிவு செய்வது. காகிதத்தில் இதைவிட அழகான ஏற்பாடு ஏது? ஜனங்கள் தேர்ந்தெடுத்தவர்கள் ஜனங்களின் தெருவுக்கே போய் நின்று, எங்கள் காசு எங்கே என்று கேட்பது. நான் அந்த வேலையில் சேர்ந்த முதல் வாரம், இதை நினைத்து உண்மையாகவே சிலிர்த்துப்போனேன். அந்தச் சிலிர்ப்பை நினைத்தால் இப்போது பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

பார்வையிடும் நாள் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். எந்தத் தேதியில் எங்கே வருகிறோம் என்று ஒரு வாரம் முன்பே சுற்றறிக்கை போய்விடும். பத்து மணிக்கு வேன் கிளம்பும். என் மடியில் மூன்று பத்தி போட்ட படிவம்: இடம், நிலை, குறிப்பு. எல்லாம் வெள்ளையடித்து, பெருக்கி, கோலம்கூடப் போட்டு வைத்திருப்பார்கள். தலைவர் ஒரு சுற்றுப் பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் தலையசைப்பார். நான் 'திருப்திகரம்' என்று எழுதுவேன். ஒரு மணிக்குள் எல்லாம் முடிந்து மயிலாப்பூரில் டிபன். தலைவர் ஓய்வு பெற்ற வக்கீல். குரல் உயர்த்தியே பேச மாட்டார். பியூனைக்கூட வாங்க, போங்க என்றுதான் சொல்வார். அவரைக் கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. கெட்டவராக இருந்திருந்தால் இத்தனை வருஷத்தில் என் கோபம் ஆறித் தொலைந்திருக்கும்.

அந்தக் குழுவுக்கு ஒரு பெண் உறுப்பினர் வந்தார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் மெம்பரம்மா. நானும் அப்படியே எழுதுகிறேன். பக்கிங்காம் கால்வாய்க் கரைக் குடிசைகள் நிறைந்த வட்டத்திலிருந்து ஜெயித்தவர். மயிலாப்பூரில் விறகுத்தொட்டி, அதாவது விறகுக்கடை, வைத்திருந்தார். வீட்டுக்காரர் போன பிறகு தராசையும் கோடரியையும் தானே எடுத்துக்கொண்டவர். ஐம்பது வயதிருக்கும், சவுக்குக் கட்டை தூக்கித் தூக்கி முழங்கைவரை கோடுகோடாகச் சிராய்ப்பு. எந்தக் குழுவிலும் அவரைப் போட யாருக்கும் விருப்பமில்லை, பார்வையிடும் குழு என்றால் வெறும் வேன் சவாரிதானே என்று இங்கே தள்ளிவிட்டார்கள். மேசையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, டீயைச் சாசரில் ஊற்றிக் குடித்துக்கொண்டே, தலைவர் படிக்கும் ஒவ்வொரு இனத்துக்கும் அவர் ஒரே கேள்வி கேட்பார்: "இத்த யாரு பார்த்தது?"

"அதிகாரிகள் பார்த்திருக்காங்கம்மா."

"அதிகாரின்னா? அவருக்குப் பேரு இன்னா நைனா?"

உறுப்பினர்கள் சிரிப்பார்கள். மெம்பரம்மாவும் சேர்ந்து சிரிப்பார். சிரித்து முடித்ததும் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பார். ஒரு தடவை மாடிப்படியில் இறங்கும்போது என்னிடம் சொன்னார், விறகு லோடு வந்தால் மேல்கட்டையை அவர் பார்ப்பதே இல்லையாம். "மேல கீறது எனுக்குக் காட்றதுக்கு வெச்சது பாப்பா. நான் அடில கைய வுட்டு ஒன்னு இஸ்துப் பார்ப்பேன். இங்க அடில கைய வுட வுட மாட்றாங்களே!"

மாசி வெயிலில் நாங்கள் கால்வாய்க்கரைக்குப் போன நாள் எனக்கு அணு அணுவாக நினைவிருக்கிறது. பட்டியலில் கடைசி இடம், பெண்கள் பொதுக் கழிப்பறை. வேன் நாற்பது அடி தள்ளியே நின்றுவிட்டது. தலைவர் இறங்கினார், கட்டடத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். மற்ற உறுப்பினர்களும் அப்படியே திரும்பி நின்றார்கள். ஏதோ கோயிலில் திரை போட்டிருக்கும் நேரம் போல, அத்தனை மரியாதை.

"பெண்கள் புழங்கற இடம். இவ்வளவு தூரம் வந்ததே அதிகம். வெள்ளை அடிச்சிருக்கு, பளிச்னு இருக்கு. எழுதிக்கோம்மா," என்றார் தலைவர்.

எழுதத் தொடங்கிவிட்டேன். பாதிச் சொல் தாளில் விழுந்துவிட்டது. வேனின் பின் ஸீட்டிலிருந்து குரல் வந்தது.

"நீங்க நில்லுங்க நைனா. நான் பொம்பளதான, நான் போய்ப் பார்த்துனு வர்றேன்." பிறகு என்னைப் பார்த்து, "நீயும் பொம்பளதான பாப்பா? வா எங்கூட."

போனோம். சுவரில் கை வைத்தேன். ஈரச் சுண்ணாம்பு உள்ளங்கையோடு வந்தது. மறைப்புச் சுவரைத் தாண்டினால் தகரக் கதவு. அதில் கையகலப் பூட்டு. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் குடிசைப் பக்கமிருந்து வந்து வேடிக்கை பார்த்தாள்.

"இன்னாக்கா தேடினு கீற? அது கண்டராக்டர் குடோனு."

"லெட்டின் இல்ல?"

"போர்டுலதான் லெட்டின்."

மெம்பரம்மா பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனார். உயரத்தில் காற்றுக்காக ஓட்டைகள் விட்ட சிமென்ட் ஜாலி வைத்திருந்தது. உடைந்த துவைக்கும் கல் ஒன்றை உருட்டி வந்து சுவரோரம் போட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார். மூக்கை ஜாலியில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். "பச்ச சவுக்கு. வெட்டிப் பத்து நாள்கூட ஆவல." இறங்கி, "நீ ஏறு," என்றார்.

ஏறினேன். இருட்டு பழகக் கொஞ்ச நேரமாயிற்று. எட்டு அறைகள். எட்டிலும் பந்தல் போடுகிற சவுக்குக் கட்டைகள், கூரைவரை. நடைபாதையில் சுருட்டிய தென்னங்கீற்று, மடக்கு நாற்காலிகள். கழிப்பறைப் பீங்கான்களில் கயிற்றுப் பந்துகள். எல்லாவற்றுக்கும் மேலே, சுவரில் சாய்த்து, மூங்கிலில் துணி கட்டிய ஒரு அலங்கார வளைவு. அதில் பெரிய எழுத்தில் 'நல்வரவு'. போன மாதம் பூங்காத் திறப்பு விழாவில் தலைவர் அதன் கீழேதான் மாலையோடு நடந்து வந்தார். நானும் அதன் கீழே குறிப்பேட்டோடு நடந்தேன். மன்றத்துக்குப் பந்தல் போடும் காண்ட்ராக்டரும் இந்தக் கழிப்பறையைப் பராமரிக்கும் காண்ட்ராக்டரும் ஒரே ஆள் என்பது அந்தக் கல்லின்மேல் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குள் ஏழெட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். கிழக்கு வெளுப்பதற்குள் கால்வாய் ஓரம் போய்த் திரும்பிவிட வேண்டும் என்றாள் ஒருத்தி. எதிர்க்கரையில் ஆம்பளைங்க பீடி பற்ற வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்றாள் இன்னொருத்தி. குழந்தைக்காரி சொன்னதுதான் இன்னும் என் தொண்டையில் நிற்கிறது: "சாய்ங்காலம் ஆனா நாங்க தண்ணி குடிக்க மாட்டோம்க்கா. வவுத்துப் புள்ளக்காரிகூட குடிக்க மாட்டா. குடிச்சா போவணுமே."

 மெம்பரம்மா சுண்ணாம்பு ஒட்டிய கையைச் சேலையில் துடைத்தார். "ரெண்டு வாரம் டைம் குடு. மீட்டிங்குல சொல்லி எயுதி வெக்க வெக்கறேன். எயுதிட்டாங்கன்னா அப்பால மூட முடியாது."

"ஓட்டு கேக்கறப்பவும் இப்டித்தான் சொன்ன."

"சொன்னேன். அதான் வந்துகீறேன்."

அந்த இரண்டு வாரத்தில் நான் பழைய கோப்புகளைத் தேடிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை, என்னால் இருக்க முடியவில்லை. அந்தக் கழிப்பறை கட்டிய புதிதில் முதல் குழு எழுதியிருந்தது: 'வெளியிலிருந்து பார்த்த அளவில் திருப்திகரம்.' அந்த ஆள் யாரோ நேர்மையானவர். உள்ளே போகவில்லை என்பதையாவது ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டுத் தட்டச்சில் 'வெளியிலிருந்து திருப்திகரம்' என்று இருந்தது. அதற்கடுத்த ஆண்டு, பத்தியில் இடம் போதாமலோ விரல் வலித்தோ, 'திருப்திகரம்'. அப்புறம் ஆண்டுதோறும் அந்த ஒற்றைச் சொல்லைத்தான் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து எழுதி வந்திருக்கிறார்கள். யாரும் பெரிய பொய் ஒன்றும் சொல்லிவிடவில்லை. கண்ணியமான ஆண்கள் கண்ணியமாக முதுகைக் காட்டி நின்றார்கள், அவ்வளவுதான். அந்த முதுகுகளுக்குப் பின்னால் ஒரு குடியிருப்பே தண்ணீர் குடிக்காமல் பழகிக்கொண்டது.

கூட்டத்தன்று காலை செயலாளர் என்னை அழைத்தார். மயிலாப்பூர்க்காரர், நெற்றி நிறைய விபூதி, என் அப்பாவை அறிந்தவர். கோப்பு அறையில் நான் தூசி தட்டியது அவர் காதுக்கு எட்டியிருந்தது. "பராமரிப்பு காண்ட்ராக்ட் இன்னிக்கு மூணு வருஷத்துக்குப் புதுப்பிக்கறா. உன் போஸ்ட்டும் இன்னிக்குத்தான் வரது. ஆத்துல மூணு பேர் உன்னை நம்பிண்டு இருக்கா. கையைத் தாளோட வெச்சுக்கோ, குழந்தே." மிரட்டலாகச் சொல்லவில்லை. தலையைத் தடவாத குறைதான்.

மெம்பரம்மா அன்று எழுந்து நின்றே பேசினார். பூட்டு, கட்டை, கயிறு, வளைவு, எல்லாவற்றையும் சொன்னார். தலைவர் முழுவதும் கேட்டார். இடையில் குறுக்கிடவே இல்லை. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார், "ரொம்ப வருத்தமான விஷயம்மா. ஆனா நீங்க ஒருத்தர் பார்த்தது உங்க தனிப்பட்ட பார்வை. குறைஞ்சது மூணு உறுப்பினர் சேர்ந்து பார்த்தாத்தான் குழுவோட பார்வை. அப்பத்தான் பதிய முடியும்."

"அப்போ நீங்க ரெண்டு பேரு எங்கூட வாங்க நைனா. இப்பவே போய்ட்டு வந்துரலாம்."

மேசை முழுக்கச் சிரிப்பு. "அதெப்படிம்மா நாங்க அங்கே நுழையறது? ஊர் என்ன பேசும்?" என்றார் தலைவர்.

"நீங்க நுயைய முடியாது. நான் நுயைஞ்சா செல்லாது. அப்போ அத்த யாருமே பார்க்க முடியாதா?"

"அப்படி இல்லம்மா. நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு."

மெம்பரம்மா சுற்றிப் பார்த்தார். கடைசியில் என்மேல் கண் நின்றது. "இந்தப் பாப்பா பார்த்துச்சு. படிச்ச பொண்ணு. அத்தக் கேளுங்க."

தலைவர் என் பக்கம் திரும்பினார். இதமான முகம். "நீ பார்த்தியாம்மா?"

 அந்த வினாடியில் நான் என்ன நினைத்தேன் என்று இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தங்கைகளையா? அதெல்லாம் பிறகு நானே எனக்குச் சொல்லிக்கொண்டது. உண்மையில் ஒன்றும் நினைக்கவில்லை. எல்லா ஆண்களும் என் முகத்தையே பார்க்கிறார்கள், அந்தப் பார்வை விலகினால் போதும், அவ்வளவுதான்.

"நான் கீழே நின்னு குறிப்பெடுத்தேன் சார். சரியா பார்க்கலை."

மெம்பரம்மா என்னைத் திட்டியிருக்கலாம். தராசுத் தட்டைப் பார்ப்பதுபோல ஒரு கணம் பார்த்தார், முள் எங்கே நின்றது என்று கண்டுகொண்டார், உட்கார்ந்துவிட்டார். அடுத்த இனத்துக்குப் போனோம். காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்பட்டது. என் வேலையும்தான். இரண்டையும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக நானே தட்டச்சு செய்தேன்.

அதற்குப் பதினைந்து நாள் கழித்து, பட்டப்பகலில், மெம்பரம்மா விறகுத்தொட்டியிலிருந்து கடப்பாரையோடு போய் அந்தப் பூட்டை உடைத்தார். பெண்கள் கைக்குக் கை மாற்றிக் கட்டைகளை வெளியே கொண்டுவந்தார்கள். கட்டைகள் ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. தொட்டியில் அடுக்குவதுபோலப் பருமன்வாரியாகப் பிரித்துச் சாலையோரம் அழகாக அடுக்கி வைத்திருந்தார்களாம். அந்த வளைவை என்ன செய்வதென்று தெரியாமல் யாரோ அதை மறைப்புச் சுவரின் வாயிலில் நட்டுவிட்டார்கள். குடிசைப் பெண்கள் பித்தளைக் குடத்திலும் டின்னிலும் தண்ணீர் சுமந்துகொண்டு 'நல்வரவு' என்ற எழுத்தின் கீழே நுழைந்து போய்வந்தார்கள். இதை எனக்குச் சொன்ன பியூன் சிரித்துச் சிரித்து இருமினார். நானும் சிரித்தேன். அந்த வருஷத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அது ஒன்றுதான்.

பிறகு நடந்ததுதான் என் இரத்தத்தை இன்றும் கொதிக்க வைப்பது. காண்ட்ராக்டரின் புகார் வந்ததும் குழு அவசரமாகக் கூடியது. நேரில் பார்வையிட முடிவாயிற்று. வேன் இந்தமுறை நாற்பது அடி தள்ளி நிற்கவில்லை. வாசலிலேயே நின்றது. ஆறு ஆண்கள் இறங்கினார்கள், காண்ட்ராக்டரின் ஆள் அளவு நாடாவோடு முன்னால் போக, நேரே உள்ளே நுழைந்தார்கள். ஒரு சத்தம்கூடக் கொடுக்கவில்லை. இரண்டாவது அறையிலிருந்து ஒரு சிறு பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி வெளியே ஓடினாள். அவள் விட்டுப் போன தகர டின் உருண்டு வந்தது. தலைவர் அதைக் காலால் மெல்ல ஒதுக்கிவிட்டுத் தாண்டிப் போனார். ஊர் என்ன பேசும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. பெண்கள் தண்ணீர் குடிக்க முடியாமல் கிடந்தபோது தடுத்த வெட்கம், ஒரு பூட்டு உடைந்ததும் எங்கே போயிற்று? மூன்று பேர் என்ன, ஆறு பேர் உள்ளே நின்றார்கள். கதவை அளந்தார்கள், நாதாங்கியை அளந்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் நின்று எல்லா அளவையும் எழுதினேன். குழுவின் சரித்திரத்திலேயே அத்தனை நுணுக்கமான பார்வை அதற்கு முன்பு நடந்ததில்லை.

முடிவுகள் இப்படி. பூட்டின் விலையை அந்த உறுப்பினரிடம் வசூலிப்பது. அவரைக் குழுவிலிருந்து நீக்குவது. மூன்றாவதாக ஒன்று, அதைத் தலைவர் வாய்மொழியாகச் சொல்ல நான் எடுத்தேன்: 'கழிப்பறை அசுத்தமாகக் காணப்பட்டது. பொதுமக்களால் தவறாகப் பயன்படுத்தப்பட்டுள்ளது. சீரமைக்கும்வரை பூட்டி வைக்கப் பரிந்துரைக்கப்படுகிறது.' கழிப்பறையைக் கழிப்பறையாகப் பயன்படுத்தியதற்குப் பெயர் தவறான பயன்பாடு!

அன்று மாலை ஸ்டென்சில் அடிக்கும்போது, அந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே, யாரும் சொல்லாத ஒரு வரியை நானே அடித்தேன். இந்தக் கட்டடம் முழுவதும் சவுக்குக் கட்டைகள் அடுக்கப்பட்டிருந்ததை உறுப்பினரும் சுருக்கெழுத்தரும் முன்பே கண்டிருந்தனர் என்று. செயலாளர் தாளை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படித்தார். வெளிச்சம் எழுத்துகளின் வழியே அவர் முகத்தில் விழுந்தது. கோபித்துக்கொள்ளவில்லை. குப்பியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"நீயே பூசிடு. நான் பார்க்கலைன்னு வெச்சுக்கறேன்."

பூசினேன். ஊதினேன். காயும்வரை காத்திருந்தேன். வேறு என்ன சொல்ல? அந்த இடத்தில் 'மேலும் விவாதம் இல்லை' என்று அடித்தேன்.

பத்து நாள் கழித்து மெம்பரம்மா பூட்டுக் காசு கட்ட வந்தார். மதிய நேரம், செயலாளர் டிபனுக்குப் போயிருந்தார், ரசீது போடும் குமாஸ்தாவும் இல்லை. ரசீதுப் புத்தகம் என் மேசையில் இருந்தது. நான் எழுந்து நின்றேன். அவர் உட்காரச் சொல்லிக் கை காட்டினார். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை மேசைமேல் வைத்தார்.

"ரசீது குடு. எதுக்குன்னு வெவரமா எயுது."

'பூட்டு ஒன்றுக்கு' என்று எழுதப் போனேன்.

"எந்தப் பூட்டு?" என்றார்.

நிமிர்ந்தேன்.

"எந்தக் கதவுல தொங்கினு இருந்துச்சு? எத்தினி வருசமா தொங்கினு இருந்துச்சு? பூட்டுக்குக் காசு கேக்கறாங்கன்னா பூட்டு இருந்துச்சுன்னுதான அர்த்தம்? பூட்டு இருந்தா அந்த வருசமெல்லாம் உள்ள எவ போயிருப்பா? நீதான் படிச்ச பொண்ணாச்சே, சொல்லு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மேல்கட்டையை விட்டுவிட்டு அடியில் கையை விட்டு இழுத்திருந்தார். ஸ்டென்சில் மெழுகு, ரசீது மை. கீழே கார்பன், அதற்குக் கீழே எண் போட்ட பிரதித் தாள். சிவப்பு எதுவும் அதில் ஒட்டாது. நான் எழுதினேன். பெண்கள் பொதுக் கழிப்பறையின் நுழைவுக் கதவில் நெடுங்காலமாகப் பூட்டியிருந்த பூட்டு ஒன்றுக்கு. மேற்படி கட்டடத்தின் எட்டு அறைகளிலும் சவுக்குக் கட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. இதை நேரில் பார்த்தவள் நான். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். முழுப் பெயரையும் போட்டேன். முத்திரையை மையில் ஒற்றி எடுத்து, மேசை அதிரக் குத்தினேன்.

அந்த ரசீதை அவர் மன்றத்தின் முழுக்கூட்டத்தில் படித்தார். கூச்சல், எதிர்க் கூச்சல். காண்ட்ராக்ட் நிறுத்தி வைக்கப்பட்டது. யாருக்கும் தண்டனை இல்லை. தலைவர் வருத்தம் தெரிவித்ததோடு சரி. கதவுக்கு மறுபடி பூட்டுப் போட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. இரண்டு கோடைக்காலம் அது திறந்தே இருந்ததாகக் கேள்விப்பட்டேன். அப்புறம் குடிசைகளையே அப்புறப்படுத்தி எங்கேயோ ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள், கழிப்பறையையும் இடித்துவிட்டார்கள். என் வேலை அந்த மாதத்தோடு முடிந்தது. 'தேவை இல்லை' என்று ஒரு வரி, வேறொரு பெண் தட்டச்சு செய்தது. மெம்பரம்மாவை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. இதைத் துணிச்சல் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்னும் கோபம் வரும். இரண்டு முறை வாயை மூடியவள் மூன்றாம் முறை, அறையில் ஆளில்லாத நேரம் பார்த்து, ஒரு ரசீது எழுதினாள். இதற்குப் பெயர் துணிச்சலா?

ரசீது எழுதிய அன்று அவரோடு மாடிப்படி முனைவரை போனேன். ரசீதை அங்கேயே நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார். உதடுகள் அசைந்தன. என் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்து, இது நீதானே என்பதுபோலப் பார்த்தார். நான் தலையாட்டினேன். தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு படி இறங்கினார். மன்னிச்சிடுங்கம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது. அவர் நின்று, திரும்பாமலே, கைப்பிடியைத் தட்டிக்கொண்டு சொன்னார்:

"இன்னாத்துக்கு அயுவற? அன்னிக்கே இந்த வாயத் தொறந்திருந்தா எனுக்கு ஒரு பூட்டு மிச்சமாயிருக்கும் பாப்பா. போ, போய் வேலயப் பாரு."